ஈஸ்டர் விடுமுறைக்கு டர்பன்: இரண்டரை வயது வாலோடு தீமிதியும் தேவாலயமும், போகலாமா?

மிட்ராண்ட்_அப்பா
எல்லோருக்கும் வணக்கம். ஈஸ்டர் நான்கு நாள் விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டிலிருந்து டர்பன் போகிறோம். கூட வேலை பார்க்கும் நண்பர் டர்பனின் செட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா வீட்டில்தான் தங்கல். அவர்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். நாங்கள் முருகன், அம்மன் என்று கும்பிடுகிறவர்கள். பையன் கைக்குழந்தையாக இருந்தபோது விடாத காய்ச்சல் ஒன்று வந்தது. அப்போது என் மனைவி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், அது இன்னும் பாக்கி. அதனால் புனித வெள்ளிக்குக் கோயில், ஞாயிறு காலை நண்பர் குடும்பத்தோடு தேவாலயம், மற்ற நேரம் கடற்கரை என்று யோசித்து வைத்திருக்கிறோம்.

பையனுக்கு இரண்டரை வயது. பேச்சு வந்துவிட்டது, பிரேக் இன்னும் வரவில்லை. போன தைப்பூசத்துக்கு அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தைத் தானே எடுத்து உரித்து, முதல் கடியைக் குருக்களுக்கு நீட்டினான். அவர் வாங்கவில்லை என்று கோயில் அதிர அழுதான்.

இவனைத் தீமிதி பார்க்கக் கூட்டிப்போகலாமா? எந்தக் கோயில் தோது? இன்னொன்று, அன்றைக்கு நாங்கள் விரதம். நண்பர் வீட்டிலோ புனித வெள்ளி என்றால் மீன் குழம்புதானாம். மறுத்தால் அந்த அம்மா மனம் கோணுவாரோ என்று மனைவிக்குக் கவலை. போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சென்ச்சூரியன்_அம்மா
கோயிலைப் பற்றி நம் செட்ஸ்வொர்த் ஆயா வந்து சொல்வார். நான் ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் விடுமுறை கெடுவதாக இருந்தால் அங்கேதான் கெடும்.

வியாழன் மதியத்துக்கு மேல் என்3 நெடுஞ்சாலையில் இறங்காதீர்கள். ஜோபர்க் மொத்தமும் அன்றைக்கு டர்பன் போகிறது. டி ஹூக், வில்ஜ், டுகேலா, மூய் ரிவர் என்று டோல் ஒவ்வொன்றிலும் வரிசை. அது போதாதென்று துறைமுக லாரிகள் வேறு. காலை நாலு மணிக்குக் கிளம்பினால் பிள்ளை முதல் பாதியைத் தூங்கியே கடந்துவிடும். கணக்குக்கு 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். பிள்ளை இருந்தால் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாரிஸ்மித்தில் கட்டாயம் நிறுத்தி ஓடவிடுங்கள். அதைத் தாண்டினால் வான் ரீனன் கணவாய், விடிகாலையில் பனிமூட்டம் வந்துவிட்டால் முன்னால் போகிற லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது.

மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று ஊர்ப் பழக்கத்தில் நினைக்க வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கார் சீட் கட்டாயம், 2015-லிருந்து சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டும்.

சும்மா_கேட்டேன்
தப்பாக நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை அம்மன், ஞாயிற்றுக்கிழமை ஏசு என்றால் பிள்ளை குழம்பிப் போகாதா? அவரவர் நம்பிக்கையை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வதுதான் மரியாதை என்று எனக்குப் படுகிறது. நண்பர்கள் என்றால் கடற்கரைக்குப் போங்கள், சாப்பிடுங்கள். சாமியை ஏன் நடுவில் இழுக்க வேண்டும்?

லெனேசியா_தம்பி
இரண்டரை வயதுப் பையனுக்குக் குழப்பமா? என் அக்கா மகன் அந்த வயதில் பாத்ரூம் கதவைத் திறக்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வான். உள்ளே அப்பா இருந்தால் தீபாராதனை முடிந்த மாதிரி கைதட்டல் வேறு.

செட்ஸ்வொர்த்_ஆயா
தம்பி மிட்ராண்ட், நீ செட்ஸ்வொர்த்துக்கு வருகிறாய் என்றால் என் தெருவுக்குத்தான் வருகிறாய் என்று வைத்துக்கொள். கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அந்தத் தம்பிக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேர்த்தியை முடிக்க இஸிபிங்கோ ரெயில் மாரியம்மன் கோயிலுக்குப் போ. செட்ஸ்வொர்த்திலிருந்து பக்கம். புனித வெள்ளியன்று ஆயிரக்கணக்கில் கூடும். விடிவதற்கு முன்னால் போய் வரிசையில் நின்றுவிட்டால் வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடலாம். ஒன்பது மணிக்குப் போனால் அம்மனையும் பார்க்க முடியாது, கார் நிறுத்தவும் முடியாது. வடக்குப் பக்கம் மவுன்ட் எட்ஜ்கோம்பிலும் ஈஸ்டரை ஒட்டித்தான் பத்து நாள் திருவிழா. அது உனக்குத் தூரம், பிள்ளையோடு வேண்டாம். அம்மனுக்குச் சாத்துகிற இலையைப் பார்த்து உன் மனைவி வேப்பிலை மாதிரி இல்லையே என்பாள். அது சிரிங்கா. வேம்பு கிடைக்காத ஊரில் அதன் சொந்தக்கார மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள் நம் ஆட்கள். அம்மை போட்ட பிள்ளைக்கு என் ஆயா அதைத்தான் தண்ணீரில் போட்டுக் குளிப்பாட்டுவாள்.

தீமிதிக்கு, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பெல்லேர் ரோட்டில் இருக்கிற அம்பலவாணர் ஆலயம். முதலில் 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டினார்கள். 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பிறகு கேட்டோ மேனரில் கட்டியதுதான் இப்போது இருப்பது. 1980-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். பழைய ஆட்கள் இன்றைக்கும் ‘செகண்ட் ரிவர் கோயில்’ என்றுதான் சொல்வார்கள். அங்கே பூக்குழி இறங்குவது புனித வெள்ளியன்றுதான்.

ஏன் புனித வெள்ளி என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கரும்புத் தோட்டத்தில் நம் ஆட்களுக்கு அமாவாசை, வெள்ளிக்கிழமை பார்த்தா லீவு கொடுத்தான் துரை? கிடைத்தது ஈஸ்டர் லீவு. பங்குனி சித்திரையும் அதை ஒட்டித்தான் வருகிறது. சரி, அம்மனுக்கு அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். என் ஆயா வாயால் கேட்ட கதை இது.

இப்போது ‘சும்மா கேட்ட’ தம்பிக்கு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதில் வந்த 342 பேரில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். ஒரே தண்ணீர்ப் பீப்பாயில் மொண்டு குடித்து வந்தவர்கள். எங்கள் வீட்டிலேயே என் தம்பி ஞானஸ்நானம் வாங்கியவன், நான் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவள். அவன் பேரப்பிள்ளைகள் தீபாவளிக்கு என் வீட்டுக்கு முறுக்குக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே பிரியாணிக்குப் போவேன். சண்டை போட்டிருக்கிறோம், இல்லை என்று சொல்லமாட்டேன். அப்பாவுக்குக் கருமாதி செய்தபோது அவன் பிண்டம் வைக்க மாட்டேன் என்றான், இரண்டு வருஷம் பேச்சு இல்லை. ஆனால் அந்த இரண்டு வருஷமும் பெரியவர்களுக்குத்தான். பிள்ளைகள் வேலி தாண்டிப் போய் வந்துகொண்டுதான் இருந்தன.

சும்மா_கேட்டேன்
ஆயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் வெறுப்பில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மதம் மாறச் சொல்லி நெருக்கியவர்களால் ஒரு கல்யாணம் நின்றது. அந்தச் சூடு எனக்கு இருக்கிறது.

செட்ஸ்வொர்த்_ஆயா
அப்படியா. அது வேறு, தம்பி. அந்த நெருக்கடி இங்கேயும் உண்டு. கதவைத் தட்டிக் கைத்தாள் கொடுத்துவிட்டு, மாட விளக்கைப் பார்த்து முகம் சுளித்தவர்களை நானும் வாசலோடு அனுப்பியிருக்கிறேன். விருந்தாளியாகக் கூப்பிடுகிறவரை அந்தக் கணக்கில் சேர்க்காதே என்றுதான் சொல்கிறேன்.

மாரிட்ஸ்பர்க்_வாசி
ஒரு மாற்று யோசனை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிவசுப்பிரமணியர் மாரியம்மன் கோயிலிலும் புனித வெள்ளிக்குத் தீமிதி உண்டு. டர்பனுக்கு 80 கிலோமீட்டர் முன்னாலேயே, நீங்கள் வருகிற வழிதான். வியாழன் இரவு இங்கே தங்கிவிட்டு மறுநாள் பார்த்துவிட்டு இறங்கலாம்.

எங்கே பார்த்தாலும் சரி, ஒன்று கேளுங்கள். குழிக்குப் பக்கத்தில் இடம் பிடிக்காதீர்கள். தணலின் காந்தல் பத்தடி தள்ளியும் முகத்தில் அடிக்கும். பெரியவர்கள் உயரத்தில் தாங்கலாம், பிள்ளையின் தோல் தாங்காது. காற்று திரும்பினால் சாம்பலும் புகையும் கண்ணுக்கு வரும். காற்று வருகிற பக்கம், மேட்டில், மரத்தடியில் நில்லுங்கள். ஓடுகிற கால்கள் தெரியாது, தலைகள்தான் தெரியும். அது போதும்.

டர்பன்நார்த்_நர்ஸ்
நான் இதில் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூக்குழி இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டுதல் பெரியவர்களுடையது. கால் இடறினால் வேகப்போவது பிள்ளை. மிட்ராண்ட் அண்ணா பார்க்கத்தான் போகிறார் என்று தெரியும், இருந்தாலும் இந்த இழையைப் பிறகு படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இரண்டரை வயதுப் பிள்ளை பார்க்கக்கூட வேண்டியதில்லை என்பது என் கருத்து. உடுக்கை, அலகு, சாமியாட்டம், அலறல், கூட்டம். சில பிள்ளைகள் இரண்டு நாள் தூக்கத்தில் எழுந்து அழும்.

லெனேசியா_தம்பி
சில பிள்ளைகள் இரண்டு நாள் உடுக்கை வேண்டும் என்று அழும். பிள்ளையைப் பொறுத்தது அக்கா.

செட்ஸ்வொர்த்_ஆயா
நர்ஸ் சொல்வது சரி. பார்ப்பது வேறு, தூக்கிக்கொண்டு இறங்குவது வேறு. நான் பல முறை இறங்கியவள், என் பிள்ளை ஒன்றைக்கூடத் தூக்கிக்கொண்டு இறங்கியதில்லை. அம்மன் கேட்கவும் இல்லை.

கேப்டவுன்_காரன்
மீன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் புனித வெள்ளி என்றால் வினிகரும் வெங்காயமும் மஞ்சளும் போட்டு ஊறவைத்த மீன், அதோடு ஹாட் கிராஸ் பன். இனிப்பு பன்னில் புளிப்பு மீன். கேட்டால் குமட்டும், தின்றால் விடமாட்டீர்கள். உங்கள் விரதத்துக்கு இதைச் சொல்லக்கூடாதுதான், வாய் கேட்கவில்லை.

சென்ச்சூரியன்_அம்மா
மிட்ராண்ட் தம்பி, போய் இறங்கியபின் சொல்லாதீர்கள், இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். “அம்மா, வெள்ளிக்கிழமை எங்களுக்கு விரதம், நீங்கள் செய்கிற பீன்ஸ் கறி கிடைக்குமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால்தான் மனம் கோணும். ஒன்று வேண்டும் என்று கேட்டால் எந்த அம்மாவுக்கும் கோணாது. டர்பன் வீடுகளில் சுகர் பீன்ஸ் கறி ஒன்று செய்வார்கள், ஆட்டுக்கறி கெட்டது போங்கள்.

மழைக்கும் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் அந்தப் பெருவெள்ளம் புனித வெள்ளிக்குச் சில நாள் முன்புதான் வந்தது. கடலில் இறங்கும் முன் எந்தக் கடற்கரை திறந்திருக்கிறது என்று நகராட்சி அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் கலந்தால் மூடிவிடுகிறார்கள்.

மிட்ராண்ட்_அப்பா
போன் போட்டாச்சு. “பீன்ஸா? நான் உங்களுக்கு மூன்று விதமாகச் செய்கிறேன்” என்று அந்த அம்மா சொன்னார். மீன் அவர்களுக்கு மட்டும், தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று அவராகவே சொன்னார். காலையில் இஸிபிங்கோ, மதியம் பிள்ளை தூங்கி எழுந்தால் கேட்டோ மேனர், எழாவிட்டால் இல்லை. வந்து எழுதுகிறேன்.

மிட்ராண்ட்_அப்பா
வந்துவிட்டோம். பத்திரமாக இருக்கிறோம். கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

பயணம் சென்ச்சூரியன் அக்கா சொன்னபடியே. பையன் வில்ஜ் டோலில் கண் விழித்தான். சாவடியிலிருந்த அம்மணி கார்டைத் திருப்பிக் கொடுத்தபோது “சாவுபோனா” (ஜூலுவில் வணக்கம்) என்றார். இவனும் “சாவுபோனா” என்றான். அவர் சிரித்துவிட்டார். தொலைந்தது. அடுத்த டோல் எப்போது, அடுத்த அம்மணி எங்கே என்று வழியெல்லாம் நச்சரிப்பு. டுகேலாவில் இருந்தது ஓர் ஆண். அவரைப் பார்த்து, “நீ இல்லை, அம்மணி!” என்று தமிழில் சொன்னான். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது.

இஸிபிங்கோவுக்கு இருட்டோடு போய்விட்டோம். அப்போதே வரிசை வெளியே வரை வந்துவிட்டது. எல்லோரும் மஞ்சளில், கையில் தேங்காய், பழம், கற்பூரம். எங்களுக்கு முன்னால் நின்ற பாட்டி ஒருவர் என் மனைவியின் தட்டைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பையிலிருந்து ஒரு கொத்து சிரிங்கா எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஆயா, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அது என்ன என்று முழித்திருப்போம். சந்நிதியில் மனைவி அழுதாள். பையன் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு அம்மனைப் பார்த்து, “அம்மா அழுது. பிஸ்கட் குடு” என்றான். நேர்த்தி முடிந்தது.

மதியம் நன்றாகத் தூங்கி எழுந்தான், அதனால் கேட்டோ மேனர். நண்பரும் வந்தார். செட்ஸ்வொர்த்தில் பிறந்தவர், இதுவரை தீமிதி பார்த்ததில்லையாம். சின்ன வயதில் போகக்கூடாது என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தாராம். இப்போது அம்மாவிடம் கேட்டபோது, “பிள்ளையைத் தூக்க ஆள் வேண்டுமே, போ” என்று அனுப்பியிருக்கிறார். மாரிட்ஸ்பர்க்காரர் சொன்னபடி காற்று வருகிற பக்கம் தள்ளி நின்றோம். பையன் நண்பரின் தோளில். தணலைப் பரப்பி முடித்திருந்தார்கள். பம்பை நின்று, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற நேரம். சுற்றிலும் கூப்பிய கைகள். அப்போது மேலேயிருந்து கணீரென்று ஒரு குரல்:

“பிராய்! பிராய்! சாசேஜ் எங்கே?”

இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தணல் என்றால் இறைச்சி சுடுகிற பிராய்தான், வேறென்ன தெரியும்? எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் விரதச் சிவப்புக் கண்ணோடு நின்ற ஒரு பெரியவர் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “சாசேஜ் திங்கட்கிழமை, கண்ணா” என்றார். நண்பர் குலுங்கிச் சிரித்ததில் பையன் தோளிலிருந்து சரிந்தான். பிறகு பம்பை தொடங்கியது, முதல் ஆள் இறங்கினார், பையன் வாயைத் திறந்தபடி பார்த்தான். பயப்படவில்லை. முதல் நாலைந்து பேர் இறங்கியதும் போதும் என்று கிளம்பிவிட்டோம். நர்ஸ் அக்கா, இரவும் ஒழுங்காகத் தூங்கினான்.

சனிக்கிழமை கடல். வடக்குக் கடற்கரை திறந்திருந்தது. எழுதும்படி ஒன்றும் இல்லை, மணல் மட்டும் இன்னும் கார் சீட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

ஞாயிறு தேவாலயம். சின்ன இடம், தகரக் கூரை, நிறைய தொப்பி வைத்த பாட்டிகள். நண்பரின் அம்மா கையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். உள்ளே தமிழ்க் கீர்த்தனைகள் எல்லாம் ஆங்கில எழுத்தில். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவருடைய அம்மா பாடப் பாடக் கேட்டு எழுதிக்கொண்டது. பல இடத்தில் பென்சிலால் திருத்தம். உச்சரிப்பு சரியா பார் என்று என் மனைவியிடம் கொடுத்தார். இரண்டு பேரும் பிரசங்கம் முழுக்கத் தலையைக் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸிபிங்கோவிலும் இப்படியே ஒரு நோட்டிலிருந்து ஒருவர் தேவாரம் பாடியதைக் கேட்டோம்.

போதகர் குரலை உயர்த்தி, “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!” என்றார். சபை, “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!” என்றது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை போதகர் சொல்லி முடித்ததும், சபை மூச்சு இழுக்கிற அந்த இடைவெளியில் என் மகன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான்:

“அரோகரா!”

அதுகூடப் பரவாயில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு தொப்பிப் பாட்டி, பழக்க தோஷம், “அரோகரா!” என்று பதில் கொடுத்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய மகள் அவரை முறைக்கிறார், அவர் கூரையைப் பார்க்கிறார். போதகர் ஒரு கணம் நின்று, “குரல் நன்றாக இருக்கிறது, ஞாயிறு பள்ளிக்கு அனுப்புங்கள்” என்றார். ‘சும்மா கேட்டேன்’ அண்ணா, இதை நெருக்கடிக் கணக்கில் சேர்ப்பீர்களோ என்னவோ. நண்பரின் அம்மா போதகரிடம் போய், “விருந்தாளிப் பிள்ளை, விடுங்கள்” என்றார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை குடும்ப நாள் விடுமுறை, விரதம் முடிந்து வீட்டு முற்றத்தில் பிராய். நண்பர் தணலைப் பரப்பினார். பையன் அதைப் பார்த்தான். உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தான். கையைக் கூப்பிக்கொண்டு அடுப்பை நோக்கி நடக்கத் தொடங்கினான். மூன்று பேர் ஒரே நேரத்தில் பாய்ந்து சட்டையைப் பிடித்தோம்.

டர்பன்நார்த்_நர்ஸ்
சிரித்தேன், ஆனால் அந்தக் கடைசிப் பத்தியைப் படித்துப் பதறியும் போனேன். இதற்குத்தான் சொன்னேன். இந்த வயதில் பார்த்ததைச் செய்துபார்ப்பார்கள். இனி ஒரு வருஷத்துக்கு அடுப்பு, ஹீட்டர், பிராய் எதன் பக்கமும் அவனைத் தனியாக விடாதீர்கள்.

மிட்ராண்ட்_அப்பா
விடவில்லை அக்கா. சமையலறை வாசலுக்குத் தடுப்புக் கேட் வாங்கிப் பொருத்தியாச்சு.

செட்ஸ்வொர்த்_ஆயா
தம்பி, அந்தத் தொப்பிப் பாட்டி யார் என்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். அவளும் நானும் ஒன்றாகக் காவடிக்குப் பின்னால் நடந்தவர்கள். இன்று காலை போன் போட்டு, “யாரிடமும் சொல்லாதே, சர்ச்சில் ஒன்று நடந்துபோச்சு” என்று ஆரம்பித்தாள். நான் ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டேன்.

சும்மா_கேட்டேன்
சேர்க்கவில்லை. அந்த அம்மாவுக்கு என் வணக்கம். மூன்று விதம் பீன்ஸ் என்ன ஆயிற்று, அதை எழுதவில்லையே?

மிட்ராண்ட்_அப்பா
ஒன்று உருளைக்கிழங்கு போட்டது, ஒன்று தக்காளி மட்டும், மூன்றாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே ஊற்றிய ‘பனி சௌ’ (bunny chow). மூன்றிலும் கறிவேப்பிலையும் டர்பன் மசாலாவும் கண்ணில் நீர் வருகிற அளவு. பையனுக்கு மட்டும் தயிர் பிசைந்து கொடுத்தார். செய்முறையை மனைவி எழுதி வாங்கியிருக்கிறாள், சமையல் பகுதியில் தனி இழையாகப் போடச் சொல்கிறேன்.

சென்ச்சூரியன்_அம்மா
திங்கள் திரும்பும்போது மூய் ரிவரில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? நாங்கள் அடுத்த வருஷத்துக்கு யோசிக்கிறோம்.

மிட்ராண்ட்_அப்பா
நிற்கவே இல்லை அக்கா. செவ்வாய் லீவு போட்டுவிட்டு அன்றைக்குக் காலை கிளம்பினோம். வில்ஜில் அதே அம்மணி இருந்தார்.